சிறுவர் பேஸ்பால் லீக்: ஆட்ட விதிகளும் அணிப் பொறுப்புகளும், வரிசைப்படி

பிள்ளையை பேஸ்பால் லீக்கில் சேர்த்த இரண்டாவது வாரமே பெற்றோரிடம் ஒரு கேள்வி வரும்: "ஸ்கோர் எழுத ஆள் வேண்டும், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" தலையாட்டிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் கையில் ஒரு பென்சிலும், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட புத்தகமும் இருக்கும். நான் உள்ளே வந்ததும் அப்படித்தான். ஸ்கோர், பிட்ச் (பேட்டருக்கு வீசும் பந்து) எண்ணிக்கை, பயிற்சியாளர், அப்புறம் மேனேஜர் என்று ஒவ்வொரு வேலையாகச் செய்து பார்த்துவிட்டேன். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் ஒவ்வொரு சீசனிலும் அதேதான். ஆட்டத்தின் நடுவே வெடிக்கும் சண்டைகளில் பல, முதல் பந்து வீசும் முன் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யாததால் வருபவை.

இங்கே தரும் எண்கள் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் மேஜர்ஸ் பிரிவுக்கானவை, அதாவது பெரும்பாலும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆடும் பிரிவு. பேஸுக்கும் பேஸுக்கும் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) இடையே 60 அடி, பிட்சர் (பந்து வீசுபவர்) மிதிக்கும் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி, மொத்தம் ஆறு இன்னிங்ஸ். இரண்டு அணியும் ஒரு முறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்; ஒரு அணியின் முறை அரை இன்னிங்ஸ், மூன்று அவுட்டில் அது முடியும். உங்கள் பிரிவு வேறு என்றால் எண்கள் மாறும். வேலைகளின் வரிசை மாறாது.

1. முதலில் எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லீக்கில் விதிகள் இரண்டு அடுக்காக இருக்கும். தலைமை அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் விதிப் புத்தகம் ஒன்று. அதன் மேல் உங்கள் லீக் தானே சேர்த்துக்கொண்ட உள்ளூர் விதிகள் இன்னொன்று. ஆட்டத்துக்கு நேர வரம்பு உண்டா, எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக பேட் பிடிக்க வேண்டுமா, ஒரு அரை இன்னிங்ஸில் ஐந்து ரன்னோடு நிறுத்த வேண்டுமா என்பதெல்லாம் இரண்டாவதில் இருக்கும்.

உள்ளூர் விதிகளை முதலில் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், தகராறு வருவதும் அங்கேதான். அப்புறம் விதிப் புத்தகத்தில் பிட்சர் விதி, கட்டாயப் பங்கேற்பு விதி, உபகரண விதி மூன்றையும் படித்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். போன வருடப் புத்தகத்தை நம்பாதீர்கள். சின்னச் சின்ன மாற்றங்கள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன.

2. ஆட்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள்

"யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர், அவர் வராத நாளுக்கு மாற்று ஒருவர் என்று எழுதிவிடுங்கள்.

மேனேஜர் ஒருவர், பயிற்சியாளர்கள் இருவர்: ஆட்டம் நடக்கும்போது டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) இந்த மூன்று பெரியவர்களுக்குத்தான் இடம். முதல் பேஸ், மூன்றாம் பேஸ் அருகே பெரியவர்களே நின்று ஓடுபவர்களுக்குச் சொல்லித் தரலாம், ஆனால் ஒரு பெரியவராவது டக்அவுட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும். மூவரில் ஒருவர் வராத நாளில் இது சட்டென்று சிக்கலாகிவிடும். அன்று ஹெல்மெட் போட்ட ஒரு பிள்ளையை பேஸ் அருகே நிறுத்துங்கள்.

ஸ்கோர் எழுதுபவரும் பிட்ச் எண்ணுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால், ஓடுபவர் எந்த பேஸுக்குப் போனார் என்று புத்தகத்தில் குறித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்து வீசப்பட்டுவிடும்.

இன்னும் ஒருவர் தேவை: அடுத்து யார் பேட், யாருக்கு எந்த ஹெல்மெட் என்று பிள்ளைகளைத் தயார்ப்படுத்துபவர். டக்அவுட்டில் இருக்கும் பயிற்சியாளருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். இது நடக்காத அணியில் ஒவ்வொரு பேட்டருக்கும் இடையில் ஒரு நிமிடம் வீணாகும். நேர வரம்பு உள்ள லீக்கில் அது ஒரு இன்னிங்ஸையே தின்றுவிடும்.

3. முந்தைய நாள் இரவு முடிக்க வேண்டியவை

முதலில் நாளை யார் வருகிறார்கள் என்று உறுதி செய்யுங்கள். ஒன்பது பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. எட்டுப் பேர்தான் தேறுவார்கள் என்று முந்தைய இரவே தெரிந்தால் லீக்கில் சொல்லி, வேறு அணியிலிருந்து ஒருவரைக் கேட்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். மைதானத்தில் நின்று எண்ணிப் பார்த்தால் ஒரு வழியும் இல்லை.

அடுத்து, நாளை யாரெல்லாம் பிட்ச் போடத் தகுதியானவர்கள் என்று பாருங்கள். போன ஆட்டத்தின் எண்ணிக்கைத் தாளை எடுத்து ஓய்வு நாட்களைக் கணக்கிடுங்கள் (எப்படி என்று ஏழாம் பகுதியில் இருக்கிறது). இதை முடித்த பிறகுதான் பேட்டிங் வரிசையையும் களத்தில் யார் எங்கே என்பதையும் எழுத வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகாக ஒரு வரிசையைப் போட்டுவிட்டு, காலையில் முக்கியமான பிட்சருக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு பாக்கி என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அழிக்கிறார்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட மருத்துவ ஒப்புதல் படிவம் கோப்பில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அந்தக் கோப்பு எல்லா ஆட்டத்துக்கும் எல்லாப் பயிற்சிக்கும் மேனேஜரோடு போக வேண்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா போன்றவை அதில்தான் எழுதியிருக்கும். பெற்றோர் அங்கே இல்லாத நேரத்தில் மருத்துவ உதவிக்கு வருபவருக்கு உங்களிடமிருந்து கிடைக்கும் முதல் தகவல் அதுதான்.

4. மைதானத்தில்: களமும் உபகரணமும்

சொந்த மைதான அணி முன்னதாக வர வேண்டும். பேஸ்களைப் பொருத்துவது, மண்ணைச் சமன்படுத்துவது, சுண்ணக் கோடு போடுவது, ஆட்டத்துக்கான பந்துகள் கொடுப்பது பெரும்பாலான லீக்குகளில் அவர்கள் பொறுப்பு. மண்ணைச் சமன் செய்த பிறகே கோடு போடுங்கள். வரிசை மாறினால் கோட்டை இரண்டு முறை போட வேண்டியிருக்கும்.

களத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, பள்ளம், பேஸ் ஓரத்தில் துருத்தி நிற்கும் ஆணி. இதை இரண்டு அணியும் செய்ய வேண்டும், அது அவர்கள் மைதானம் என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் உபகரணம். பேட்டில் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018 ஜனவரி முதல் இந்தப் பிரிவில் மரமல்லாத பேட்டுகளுக்கு அது கட்டாயம். பிறந்தநாள் பரிசாக வந்த விலையுயர்ந்த பேட்டில் வேறு அமைப்பின் முத்திரை இருக்கும், அதை வைத்து இங்கே ஆட முடியாது. இதைப் பயிற்சி நாளிலேயே பார்த்துச் சொல்லிவிட்டால், ஆட்டத்தன்று ஒரு பிள்ளை அழுவதைத் தவிர்க்கலாம். ஹெல்மெட்டில் விரிசல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உலோக முள் வைத்த காலணி இந்தப் பிரிவில் கூடாது.

கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) ஹெல்மெட்டிலிருந்து தொங்கும் கழுத்துக் காப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வார்ம்அப் பந்து பிடிக்கும்போதும் அது இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கவில்லையே என்று சாதாரணத் தொப்பியோடு ஒரு பிள்ளையை பிட்சருக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள்.

அடுத்து ஆட வேண்டியவர் வெளியே நின்று பேட்டைச் சுழற்றுவது தொலைக்காட்சியில் பார்த்த பழக்கம். இந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை. அரை இன்னிங்ஸின் முதல் பேட்டர் மட்டும் இடைவேளையில் டக்அவுட்டுக்கு வெளியே வரலாம். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பேட்டைத் தொடவே கூடாது. நெரிசலான டக்அவுட்டில் பின்னால் நிற்கும் பிள்ளையின் முகம் பேட் சுழலும் உயரத்தில்தான் இருக்கும்.

5. லைன்அப் கார்டும் பிளேட் அருகே கூட்டமும்

கார்டில் பேட்டிங் வரிசை, பெயர், சட்டை எண், களத்தில் நிற்கும் இடம், மாற்று ஆட்கள் எல்லாம் வேண்டும். நான்கு பிரதிகள்: அம்பயர், எதிரணி, ஸ்கோர் எழுதுபவர், உங்கள் டக்அவுட் சுவர். அந்த நான்காவது பிரதி இருந்தால் "அடுத்து நானா?" என்ற கேள்வியே வராது.

சட்டை எண்ணைக் கார்டிலிருந்து படிக்காமல் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துச் சரிபாருங்கள். அண்ணனின் பழைய சட்டையோடு வந்தவன் ஒருவன் இருப்பான்.

அம்பயரும் இரண்டு மேனேஜர்களும் பிளேட் அருகே சந்திக்கும்போது கார்டுகள் கைமாறும், மைதானத்துக்கே உரிய விதிகள் பேசப்படும். வேலிக்கு அடியில் பந்து போனால் எத்தனை பேஸ், நேர வரம்பு எந்தக் கடிகாரப்படி, இவை இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். களம் ஆடத் தகுந்ததா என்ற முடிவு கார்டுகள் கைமாறும் வரை இரண்டு மேனேஜர்களிடமும். அதன் பிறகு அம்பயரிடம்.

6. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் தடுமாறும் விதிகள்

நம்மில் பலர் கிரிக்கெட் வழியாகத்தான் இங்கே வருகிறோம். சில விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பந்தை அடித்துவிட்டு நிற்க முடியாது. கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், தூக்கி எறியக் கூடாது. முதல் பேஸை மட்டும் மிதித்துவிட்டு நேராகக் கடந்து ஓடலாம், வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது பேஸைக் கடந்து போனால் பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள்.

ஓடுபவரை எப்போது தொட வேண்டும், எப்போது பேஸை மிதித்தால் போதும்? பின்னால் இன்னொருவர் வருவதால் இவருக்கு நகர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், பந்தோடு பேஸை மிதித்தால் போதும். கட்டாயம் இல்லையென்றால் பந்தால் தொட வேண்டும். இரண்டாம் பேஸில் மட்டும் ஆள் இருக்கும்போது, பந்தைப் பிடித்து மூன்றாம் பேஸை மிதித்துவிட்டுத் துள்ளும் பிள்ளையை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். முதல் பேஸ் காலி, அதனால் அந்த ஓட்டக்காரருக்குக் கட்டாயம் இல்லை. தொட்டிருக்க வேண்டும்.

உயரப் போன பந்தை நேராகப் பிடித்துவிட்டால் பேட்டர் அவுட். அதோடு, பேஸை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து தங்கள் பேஸைத் தொட வேண்டும். அதற்குள் பந்து அந்த பேஸுக்குப் போய்விட்டால் அவர்களும் அவுட்.

இன்ஃபீல்ட் ஃப்ளை விதியில் பெற்றோர் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும். இரண்டு பேருக்குக் குறைவாக அவுட் ஆகியிருக்கும்போது, முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆள் இருக்க, உள்களத்து ஆட்டக்காரர் சுலபமாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து எழுந்தால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட் என்று அம்பயர் அறிவிப்பார். காரணம் எளிது. பந்து பிடிபடும் என்று ஓட்டக்காரர்கள் பேஸிலேயே நிற்பார்கள். அதை வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கும் தந்திரத்தை இந்த விதி தடுக்கிறது. பந்து உயிரோடுதான் இருக்கும், ஓட நினைப்பவர் தன் பொறுப்பில் ஓடலாம்.

பேட்டர் வீசித் தவறவிட்டாலோ, அடிக்கத்தக்க பந்தை அடிக்காமல் விட்டாலோ ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் அடி முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை ஸ்ட்ரைக்காக எண்ணப்படும், மூன்றாவதாக எண்ணப்படாது. ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் இருக்கும்போது பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் ஃபவுலாகப் போனால் அவுட்.

இந்த வயதுக்கே உரிய இரண்டு கட்டுப்பாடுகளும் உண்டு. பிட்ச் பேட்டரை எட்டும் வரை ஓட்டக்காரர் பேஸை விட்டு நகரக் கூடாது. முன்னோக்கி ஓடும்போது தலை முன்னாகப் பாய்ந்து சறுக்கினால் அவுட். பின்னால் இருக்கும் பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் அப்படிப் பாயலாம்.

7. பிட்ச் எண்ணிக்கை: இதில் மட்டும் தவறக் கூடாது

ஸ்கோர் புத்தகத்தில் ஒரு ரன் தவறினால் திருத்திவிடலாம். இந்தத் தாளில் தவறினால் ஒரு பிள்ளையின் வளரும் முழங்கையும் தோளும் விலை கொடுக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததும், விட்டுக்கொடுக்க மனம் வராததும் இதுதான்.

ஒரு நாள் வரம்பு வயதைப் பொறுத்தது: 7-8 வயதுக்கு 50 பிட்ச், 9-10க்கு 75, 11-12க்கு 85. வயது என்றால் லீக் கணக்கிடும் வயது. நேற்று வந்த பிறந்தநாளால் அது மாறாது. ஒரு பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது வரம்பு வந்துவிட்டால், அந்த பேட்டரின் முறையோ அரை இன்னிங்ஸோ முடியும் வரை வீசலாம்.

ஓய்வு நாட்கள், 14 வயது வரை: 20 பிட்ச் வரை ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 65 வரை மூன்று, 66 அல்லது அதற்கு மேல் நான்கு. நாள் என்றால் முழு நாட்காட்டி நாள், 24 மணி நேரக் கணக்கு இல்லை. சனிக்கிழமை 66 வீசியவருக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஓய்வு, வியாழக்கிழமை வீசலாம்.

கேட்சருக்கும் இதில் பங்கு உண்டு. 41 அல்லது அதற்கு மேல் வீசியவர் அன்று முழுவதும் கேட்சராக நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்ச் பிடித்தவர் அன்று பிட்ச் போடக் கூடாது. இரண்டு வேலையும் ஒரே கையைத்தான் களைப்பாக்குகின்றன. நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து பிடித்தாலே அது ஒரு இன்னிங்ஸாகிவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி எண்ணும் முறை. பேட்டருக்கு வீசிய ஒவ்வொரு பிட்ச்சும் கணக்கு: ஸ்ட்ரைக், பால் (அடிக்கத்தக்கதாக வராததும் பேட்டர் அடிக்க முயலாததும்; நான்கு ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ்), ஃபவுல், அடித்த பந்து எல்லாம். வார்ம்அப் பந்துகளும், ஓட்டக்காரரைப் பிடிக்க பேஸுக்கு எறியும் பந்துகளும் கணக்கில்லை. பேட்டரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்புவதாக அறிவித்தால், ஒரு பந்துகூட வீசாமலே நான்கு சேர்க்க வேண்டும்.

தவறு எங்கே நேர்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். நீளமான ஃபவுல் ஒன்று வேலியைத் தாண்டிப் போகும். எல்லோர் தலையும் பந்தோடு திரும்பும், எண்ணுபவர் தலையும் சேர்ந்து திரும்பும். பந்து கார் நிறுத்துமிடத்தில் விழுந்த சத்தம் கேட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பும்போது பென்சில் பழைய கட்டத்திலேயே இருக்கும். ஆகவே பந்து என்ன ஆயிற்று என்று பார்த்த பிறகு குறிக்காதீர்கள். பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபட்ட கணத்திலேயே கோடு போடுங்கள்.

அரை இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணியில் எண்ணுபவரிடம் போய்ச் சரிபாருங்கள். ஒரு முறை எங்கள் தாளில் 35, அவர்கள் தாளில் 36. ஒரு பிட்ச்தானே என்று தோன்றும். 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 என்றால் இரண்டு. இரண்டு பேரும் தாள்களை அருகருகே வைத்து பேட்டர் பேட்டராக விரலால் எண்ணிக்கொண்டே வந்தோம். ஐந்தாவது பேட்டரின் ஃபவுல் ஒன்று எங்கள் தாளில் இல்லை. மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆட்டம் முடியும் வரை விட்டிருந்தால் அந்த ஐந்தாவது பேட்டரை யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

ஒரு சலுகையும் உண்டு, பல மேனேஜர்களுக்குத் தெரியாது. 20, 35, 50, 65 ஆகிய எல்லைகளில் ஒன்றை ஒரு பேட்டருக்கு வீசும்போது எட்டினால், அந்த பேட்டரை முடித்துவிட்டு உடனே பிட்சரை மாற்றினால் கீழ் எல்லைக்கான ஓய்வு போதும். 18ல் புதிய பேட்டர் வந்து 23ல் முடிந்தால், அத்தோடு மாற்றிவிடுங்கள், ஓய்வு நாளே தேவையில்லை. அதனால் எல்லைக்கு நான்கைந்து பிட்ச் முன்னாலேயே எண்ணுபவர் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவில் ஒரு முறை மாற்றிய பிட்சர் அந்த ஆட்டத்தில் மறுபடி பிட்ச் போட வர முடியாது. மாற்றும் முன் அதையும் யோசியுங்கள்.

8. எல்லோரும் ஆட வேண்டும்

ஒவ்வொரு பிள்ளையும் களத்தில் குறைந்தது ஆறு அவுட்டுகளுக்கு நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் செய்ய வேண்டும்.  

மாற்று ஆட்களை முன்கூட்டியே இறக்குங்கள். கடைசி இரண்டு இன்னிங்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், மழையோ ரன் வித்தியாசமோ ஆட்டத்தைச் சுருக்கிவிடும். அப்போது ஒரு பிள்ளை சுத்தமான சட்டையோடு வீட்டுக்குப் போகும். முதலில் ஆடியவர் ஒரு முறை திரும்பி வரலாம், ஆனால் அவருக்குப் பதில் வந்தவர் தன் ஆறு அவுட்டையும் ஒரு பேட்டிங்கையும் முடித்திருக்க வேண்டும்.

9. அம்பயரிடம் பேசும் முறை

மேனேஜர் மட்டும் பேச வேண்டும். டைம் கேட்டு, கிடைத்த பிறகு நடந்து போக வேண்டும். பந்து ஸ்ட்ரைக்கா, ஓட்டக்காரர் அவுட்டா என்பதெல்லாம் அம்பயர் கண்ணால் கண்ட தீர்ப்பு. அதற்கு எதிராக முறையீடு கிடையாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக நினைத்தால் முறையிடலாம், ஆனால் அடுத்த பிட்ச் வீசும் முன் சொல்லிவிட வேண்டும்.

பேட்டிங் வரிசை மாறி ஒருவர் வந்துவிட்டால்? அவர் பேட் செய்துகொண்டிருக்கும்போதே தெரிந்தால் சரியானவர் வந்து அதே எண்ணிக்கையில் தொடரலாம், தண்டனை இல்லை. அவர் முடித்த பிறகு, அடுத்த பிட்சுக்கு முன் எதிரணி சுட்டிக்காட்டினால், வந்திருக்க வேண்டியவர் அவுட். உங்கள் ஸ்கோர் எழுதுபவர் தன் அணியின் தவறைக் கண்டால் உடனே மேனேஜரின் காதில் போட வேண்டும் என்பது இதனால்தான்.

10. ஆட்டம் எப்போது முடிகிறது

மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ரன், நான்கு இன்னிங்ஸ் முடிவில் 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது. சொந்த மைதான அணி முன்னிலையில் இருந்தால் அதன் கடைசி அரை இன்னிங்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மழையால் நின்றாலும் நான்கு இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அது முழு ஆட்டமாகக் கொள்ளப்படும்.

இடி கேட்டால் எல்லோரும் களத்தை விட்டு கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போக வேண்டும். டக்அவுட் பாதுகாப்பான இடம் இல்லை. கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழிந்த பிறகே திரும்ப வேண்டும், நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

11. கலைந்து போகும் முன்

பிள்ளைகள் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்கோர் எழுதுபவர்கள் இருவரும், பிட்ச் எண்ணுபவர்கள் இருவரும் உட்கார்ந்து எண்களை ஒப்பிட்டு முடித்துவிட வேண்டும். தாளில் ஒவ்வொரு பிட்சரின் பெயர், வயது, எண்ணிக்கை, அடுத்து வீசக்கூடிய தேதி எல்லாம் எழுதி, இரண்டு மேனேஜர்களும் கையெழுத்திட வேண்டும். உடனே கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தாள் தொலையும்.

அடிபட்ட பிள்ளை யாராவது இருந்தால் லீக்கின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு அன்றே தெரிவியுங்கள். தலையில் அடி என்றால், பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், அன்று மறுபடி ஆட விடாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு வரட்டும்.

பிறகு பேஸ்களைக் கழற்றி, பிட்சர் மேட்டின் குழியை மண் போட்டு மூடி, டக்அவுட்டில் கிடக்கும் தண்ணீர்ப் புட்டிகளை எடுங்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள், ஒரு கையுறை கட்டாயம் கிடக்கும். மேனேஜர் கடைசிப் பிள்ளையின் பெற்றோர் வரும் வரை மைதானத்தை விட்டுப் போகக் கூடாது.